கிணற்று நீரில் ஆர்செனிக்: கணிப்பு வரைபடங்களை எவ்வளவு நம்பலாம்?

நியூ ஜெர்சியின் ஹன்டர்டன், சாமர்செட், மெர்சர் கவுன்டிகளில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளிக்கூட ரேட்டிங், சொத்து வரி, ரயில் நிலையத் தூரம் எல்லாவற்றையும் அலசி ஆராய்கிறார்கள். விளம்பரத்தின் அடியில் 'வெல் வாட்டர்' என்று ஒரு வரி இருந்தால் அதை மட்டும் பெரும்பாலும் யாரும் நின்று படிப்பதில்லை. அந்த வரிக்கு அர்த்தம் இதுதான்: அந்த வீட்டுக் குழாயில் வருவது நகராட்சித் தண்ணீர் அல்ல, தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீர். அமெரிக்காவின் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் தனியார் கிணறுகளைக் கட்டுப்படுத்தாது. ஆண்டுதோறும் சோதித்து அறிக்கை அனுப்ப எந்த நிறுவனமும் கிடையாது. பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரர் தலையில்.

ஆர்செனிக் என்ற நச்சுப் பொருள் அங்கே தொழிற்சாலைக் கழிவாக வந்ததில்லை. அது பாறையிலேயே இருக்கிறது. நியூ ஜெர்சியின் நடுவில் ஓடும் நியூவர்க் படுகையில் லாக்கடாங் என்ற கருஞ்சாம்பல் சேற்றுப்பாறையும் பசேயிக் என்ற சிவப்புப் பாறையும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கருஞ்சாம்பல் அடுக்குகளில் பைரைட் கனிமத்தோடு ஆர்செனிக் கலந்திருக்கிறது. நீரின் காரத்தன்மை ஏறும் இடங்களில், பாறையின் இரும்பு ஆக்சைடில் ஒட்டியிருக்கும் ஆர்செனிக்கும் கழன்று நீருக்கு வந்துவிடுகிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. எனவே நீரைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால்தான் 'இந்த இடத்தில் இருக்க வாய்ப்பு எவ்வளவு' என்று கணித்துச் சொல்லும் வரைபடங்கள் வந்தன. அவற்றில் இலவசமாகக் கிடைக்கும் மூன்றை இங்கே எடைபோடுகிறோம். பிறகு களச் சோதனைப் பெட்டி, ஆய்வகம், சுத்திகரிப்பு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நியூ ஜெர்சியில் வீடு என்றால் மாநில அரசின் வரைபடத்தைப் பாருங்கள், மற்றவை தேவைப்படாது. வேறு மாநிலம் என்றால் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ்ஸின் கணிப்பு. இந்தியா, வங்கதேசம் போன்ற இடங்களுக்கு சுவிட்சர்லாந்தின் ஈவாக் என்ற நீர் ஆய்வு நிறுவனம் நடத்தும் கேப் என்ற நிலத்தடி நீர் வரைபடத் தளம். ஆனால் இவற்றில் எதைப் பார்த்தும் 'நம் கிணறு நல்ல கிணறு' என்று முடிவு செய்யாதீர்கள். வரைபடம் அவசரம் எவ்வளவு என்று சொல்லும். குடிக்கலாமா கூடாதா என்று ஆய்வகம் மட்டுமே சொல்லும்.

நியூ ஜெர்சி மாநில வரைபடம்

மூன்றில் இதுதான் சிறந்தது. காரணம், இது கணிப்பே இல்லை, அளந்த முடிவுகளின் தொகுப்பு. 2002 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தனியார் கிணற்றுப் பரிசோதனைச் சட்டப்படி, கிணறு உள்ள வீட்டை விற்கும்போது நீரைச் சோதித்தே ஆகவேண்டும். வாடகைக்கு விடுபவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதித்து, முடிவைக் குடியிருப்பவரிடம் தரவேண்டும். இப்படிச் சேர்ந்த முடிவுகளைக் கவுன்டி வாரியாகவும், ஊர் வாரியாகவும், இரண்டு மைலுக்கு இரண்டு மைல் சதுரமாகவும் பிரித்து வரைபடமாக்கியிருக்கிறார்கள். உங்கள் சதுரத்தில் சோதித்த கிணறுகளில் எத்தனை சதவீதம் வரம்பைத் தாண்டின என்று நேரடியாகத் தெரியும். வரம்பும் இந்த மாநிலத்தின் சொந்த வரம்பு. நாடு முழுவதற்கும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், நியூ ஜெர்சியில் 2006 முதல் 5. (லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்பதைத்தான் ஒரு பிபிபி என்கிறார்கள். இனி அப்படியே எழுதுகிறோம்.)

குறைகள் உண்டு. பெரும்பாலும் விற்பனைக்கு வந்த வீடுகள்தான் கணக்கில் இருக்கின்றன. முப்பது, நாற்பது ஆண்டாகக் கைமாறாத வீடுகளின் கிணறுகள் இதில் சேரவில்லை. தனித்தனி வீட்டின் முடிவு ரகசியம், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைத் தேட முடியாது. மிகக் குறைவாகச் சோதனை நடந்த சதுரங்கள் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைப் 'பிரச்சினை இல்லாத இடம்' என்று படித்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் வீடு வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சட்டம் சோதிக்கச் சொல்கிறது, சரிசெய்யச் சொல்லவில்லை. முடிவைப் பார்த்தோம் என்று வாங்குபவரும் விற்பவரும் கையெழுத்துப் போட்டால் போதும், விற்பனை நடந்துவிடும். ஆகவே விற்பனை முடியும் க்ளோசிங் நாளன்று கத்தைக் காகிதங்களோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டுவிடாமல், ஒப்பந்தக் கட்டத்திலேயே முடிவை வாங்கிப் படியுங்கள். சுத்திகரிப்புச் செலவை யார் ஏற்பது என்று பேசவேண்டிய நேரம் அதுதான்.

யுஎஸ்ஜிஎஸ் கணிப்பு

2017-இல் வெளிவந்த தேசியக் கணிப்பு மாதிரி (மாடல்), 20,000-க்கும் சற்று அதிகமான வீட்டுக் கிணறுகளின் அளவீடுகளை எடுத்துக்கொண்டு, மழையளவு, நிலத்தடி நீர் ஊறும் அளவு, மண்ணின் வேதியியல், பாறை வகை போன்றவற்றோடு பொருத்திப் பார்த்தது. நாட்டில் சுமார் 4.4 கோடிப் பேர் வீட்டுக் கிணற்றை நம்பியிருக்கிறார்கள், அவர்களில் சுமார் 21 லட்சம் பேர் 10 பிபிபி-யைத் தாண்டிய நீரைக் குடிக்கக்கூடும் என்பது அதன் மதிப்பீடு. 2021-இல் வந்த அடுத்த தலைமுறை மாதிரிகள் இயந்திரக் கற்றல் முறையில் 1, 5, 10 பிபிபி என்று மூன்று வரம்புகளுக்கும் தனித்தனியே கணிக்கின்றன. நியூ ஜெர்சிக்காரர்களுக்கும், 2021 ஜூலை முதல் 5 பிபிபி-க்கு மாறிய நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்களுக்கும் இது பெரிய முன்னேற்றம். 10-ஐ மட்டும் கணிக்கும் வரைபடத்தில் 7 பிபிபி உள்ள கிணறும் 'நல்ல' பக்கம் விழுந்துவிடும்.

பயன்படுத்துவதில் சிரமம் இருக்கிறது. கவுன்டி அளவிலான படங்களையும் அட்டவணைகளையும் யாரும் பார்க்கலாம். ஒரு முகவரியின் நிலவரம் வேண்டுமென்றால் கட்டம் கட்டமாக மதிப்புகள் அடங்கிய ராஸ்டர் என்ற வரைபடக் கோப்பைத் தரவிறக்கி, கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் திறந்து, வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையில் உள்ள மதிப்பைப் படிக்க வேண்டும். கணினி வேலை பார்ப்பவருக்கு அரைமணி நேர வேலை, மற்றவர்களுக்கு எட்டாத வேலை. பொதுமக்களுக்கான சேவையாக மதிப்பிட்டால் இந்த இடத்தில் மதிப்பெண் குறைகிறது.

அந்த மதிப்பை எப்படிப் படிப்பது? 0.3 என்று வந்தால் நீரில் 0.3 அளவு ஆர்செனிக் என்று பொருளில்லை. அதே நிலவியல் சூழலில் உள்ள பத்துக் கிணறுகளில் சுமார் மூன்று வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்று பொருள். வானிலை அறிக்கையில் 30 சதவீத மழை வாய்ப்பு என்றால் குடை எடுத்துப்போகிறோம் அல்லவா, அந்த மாதிரி. 0.05 என்று வந்தாலும் இருபதில் ஒன்று உங்கள் கிணறாக இருக்கலாம்.

'எங்கள் மாதிரி 90 சதவீதம் துல்லியம்' என்று எந்த ஆய்விலாவது படித்தால் சற்று நின்று யோசியுங்கள். 100 கிணறுகளில் 10 மட்டும் கெட்டவை என்று வையுங்கள். எல்லாமே நல்லவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாதிரியும் 90 சதவீதம் சரிதான். ஆனால் ஒரு கெட்ட கிணற்றைக்கூட அது பிடிக்கவில்லை. பார்க்கவேண்டிய எண் வேறு: உண்மையில் கெட்ட கிணறுகளில் எத்தனையை மாதிரி பிடித்தது? ஆர்செனிக் மாதிரிகள் பொதுவாக நல்ல கிணற்றை நல்லது என்று சொல்வதில் கெட்டி, கெட்டதைப் பிடிப்பதில் சுமார். உயர்ந்த வரம்பைத் தாண்டும் கிணறுகள் எண்ணிக்கையில் குறைவு, கற்றுக்கொள்ளக் கிடைக்கும் உதாரணங்களும் குறைவு என்பதுதான் காரணம். ஆகவே வரைபடம் சிவப்பைக் காட்டினால் நம்புங்கள். பச்சையைக் காட்டினால் பாதி நம்புங்கள்.

ஏன் பக்கத்து வீட்டோடுகூட ஒத்துப்போவதில்லை

யுஎஸ்ஜிஎஸ், கேப் கணிப்பு வரைபடங்களின் ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். அதற்குள் நூறு வீடுகள் இருக்கலாம். பாறைக் கிணறு மணல் கிணறு மாதிரி சுற்றிலுமிருந்து நீரை உறிஞ்சுவதில்லை. குழாய் வழியில் குறுக்கிடும் நாலைந்து விரிசல்கள்தான் அதற்கு நீர் தருகின்றன. உங்கள் கிணற்றின் முக்கிய விரிசல் பைரைட் உள்ள கருஞ்சாம்பல் அடுக்கில் இருந்து, எதிர் வீட்டுக்காரருடையது பத்தடி தள்ளிச் சிவப்பு அடுக்கில் இருந்தால், இரண்டு முடிவுகளும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். ஆழமும் அப்படித்தான். வங்கதேசத்தில் ஆழம் குறைந்த குழாய்க் கிணறு விஷமாகவும் அதே முற்றத்தில் 150 மீட்டருக்குக் கீழே போன கிணறு பெரும்பாலும் சுத்தமாகவும் இருக்கும். அந்த விதியை நியூ ஜெர்சிப் பாறைக்குக் கொண்டுவர முடியாது. இங்கே ஆழமாகப் போனால் நல்ல நீர் கிடைக்கும் என்று சொல்லும் போர்வெல் போடுபவரை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

கிணறு தோண்டியபோது பதிவான ஆவணத்தை மாநிலச் சுற்றுச்சூழல் துறையிலிருந்து பெறலாம். மொத்த ஆழம், கேசிங் என்ற வெளிக்குழாய் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, தோண்டும்போது என்ன நிறப் பாறை வந்தது போன்ற விவரங்கள் அதில் இருக்கும். கருப்பு, சாம்பல் ஷேல் (சேற்றுப்பாறை) என்று எழுதியிருந்தால், எந்த வரைபடம் என்ன சொன்னாலும் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

காலமும் நின்றுவிடுவதில்லை. நீண்ட வறட்சியைக் கணினியில் ஓட்டிப் பார்த்த 2021 ஆய்வில், பாதிக்கப்படக்கூடியவர்களின் எண்ணிக்கை சுமார் 27 லட்சத்திலிருந்து 41 லட்சமாக உயர்ந்தது. வரைபடமோ பல பத்தாண்டுகளில் எடுத்த நீர் மாதிரிகளின் சராசரி நிலை.

கேப் தளம்

ஈவாக் விஞ்ஞானிகள் 2020-இல் வெளியிட்ட உலக வரைபடம் இதில் இருக்கிறது. 50,000-க்கும் மேற்பட்ட அளவீடுகள், ஒரு கிலோமீட்டர் கட்டம், 10 பிபிபி வரம்பு. 9.4 கோடி முதல் 22 கோடிப் பேர் வரை ஆபத்தில் இருக்கக்கூடும், அதில் 94 சதவீதம் ஆசியாவில் என்பது அவர்கள் கணக்கு. தளத்தைத் திறந்து பெரிதாக்கிக்கொண்டே போனால் உங்கள் ஊர்வரை போகலாம். பயன்படுத்த எளிது, மூன்றில் இதுவே பார்வைக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் உலகம் முழுவதற்கும் ஒரே கணிப்பு மாதிரிதான் என்பதால் நியூவர்க் படுகையின் குறுகிய பாறைப் பட்டைகளை இதில் தேடுவது வீண்.

ஊரில் அப்பா அம்மா வீட்டுக் கிணற்றுக்காக இதைத் திறப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் பாறையிலிருந்து வரும் முதன்மையான தொல்லை ஆர்செனிக் அல்ல, ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சேதிதான். இதே தளத்தில் ஃபுளோரைடு கணிப்பும் இருக்கிறது, அந்த அடுக்கைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி. ஆர்செனிக் அடர்ந்து கிடப்பது மேற்கு வங்கம், பீகார், உத்தரப் பிரதேசம், அசாம் என்று கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியில்.

களச் சோதனைப் பெட்டி வாங்கலாமா?

இணையத்தில் கிடைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே முறையில் வேலை செய்கின்றன. புட்டியில் 50 மில்லி நீர், அதில் அமிலத் தூள், கடைசியில் துத்தநாகத் தூள். துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜன் கிளம்பும். நீரில் ஆர்செனிக் இருந்தால் அது ஆர்சைன் வாயுவாக மேலே வந்து, மூடியில் செருகிய பாதரச புரோமைடு தாளை மஞ்சளிலிருந்து பழுப்புவரை நிறம் மாற்றும். வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் தெளிவானவை. புட்டியைச் சாய்த்துத் தாளில் ஒரு துளி நீர் பட்டாலும் அந்தச் சோதனை வீண். நேரம் முடிந்ததும் தாளை உடனே படிக்க வேண்டும், வெயிலில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தால் நிறம் மாறிவிடும். நீர் மிகவும் குளிர்ந்திருந்தால் வாயு மெதுவாகக் கிளம்பி அளவு குறைவாகக் காட்டும். எனவே அறை வெப்பத்துக்கு வரவிட்டுச் செய்யுங்கள். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கிணறு என்றால் அந்த ஹைட்ரஜன் சல்பைடும் தாளைக் கறுக்கவைக்கும். அதை முன்கூட்டியே நீக்கும் ஆக்சிஜனேற்றித் தூள் உள்ள பெட்டியாக வாங்க வேண்டும். ஆர்சைன் நச்சு வாயு என்பதால் ஜன்னல் திறந்த இடத்தில், அடுப்பு நெருப்பு இல்லாமல் செய்யுங்கள்.

இந்தப் பெட்டிகள் வங்கதேசத்தில் மகத்தான வேலை செய்தவை. ஐம்பது லட்சம் கிணறுகளுக்கு நெருக்கமாகச் சோதித்து, 50 பிபிபி-யைத் தாண்டியதற்குச் சிவப்பு, தாண்டாததற்குப் பச்சை வண்ணம் அடிக்க அவைதான் உதவின. ஆனால் நியூ ஜெர்சியில் கேட்க வேண்டிய கேள்வி '5-க்கு மேலா கீழா'. சாதாரணப் பெட்டியின் வண்ண அட்டையில் 0-க்கு அடுத்த படியே 10. நான்கையும் எட்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. குறைந்த அளவுகளையும் பிரித்துக் காட்டும் லோ ரேஞ்ச் பெட்டி வாங்கலாம், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையில் ஆய்வகச் சோதனையே முடிந்துவிடும். இங்கே வீட்டு உபயோகத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஆய்வகம்: புட்டியை நிரப்புவதில்தான் சூட்சுமம்

மாநிலச் சான்று பெற்ற ஆய்வகம், மிக நுண்ணிய அளவையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி. இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வகம் தரும் புட்டிக்குள் சில துளி நைட்ரிக் அமிலம் இருக்கலாம், அது மாதிரியைக் கெடாமல் வைக்கத்தான். சுத்தமாக இருக்கட்டும் என்று புட்டியைக் கழுவிவிடாதீர்கள். அமிலம் கையில் படாமல், நிரம்பி வழியாமல் பிடிக்க வேண்டும்.

நீரை எங்கே பிடிப்பது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சமையலறைக் குழாயில் பிடித்தால் இடையில் கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர், ஃபில்டர் ஏதாவது இருக்கும். பேஸ்மென்ட்டில் பிரஷர் டேங்கை ஒட்டிச் சிறிய வடிகுழாய் ஒன்று இருக்கும், எந்தக் கருவிக்கும் முன்னால். அதைத் திறந்து டேங்கில் தேங்கிய நீர் போய் பம்ப் ஓடத் தொடங்கிய பிறகு, நீர் தெளிந்ததும் பிடியுங்கள். கலங்கிய நீரில் உள்ள துகள்களோடு ஒட்டிய ஆர்செனிக்கும் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். விற்பனைக்கான சட்டபூர்வச் சோதனை என்றால் மாதிரியை நீங்கள் எடுக்க முடியாது, ஆய்வகத்தின் அங்கீகாரம் பெற்றவர் வருவார்.

அறிக்கை வந்ததும் அலகைப் பாருங்கள். 0.005 மில்லிகிராம் என்பதும் 5 பிபிபி என்பதும் ஒன்றுதான், புள்ளிக்குப் பின்னால் இருக்கும் பூஜ்யங்களைப் பார்த்து நிம்மதியடைந்துவிட வேண்டாம். 'என்டி', அதாவது கண்டறியப்படவில்லை என்று இருந்தால், பக்கத்தில் உள்ள அறிக்கை வரம்பைப் படியுங்கள். அந்த வரம்பு 1 பிபிபி என்றால் நல்ல செய்தி. அதுவே 5 என்றால் 5-க்குக் கீழே என்பது மட்டும்தான் தெரியும், 4.9 கூட அதற்குள் ஒளிந்திருக்கலாம். ஆர்செனிக் மட்டும் சோதிக்கச் சில பத்து டாலர்தான் ஆகும்.

வந்துவிட்டால்

கொதிக்கவைத்தால் போகாது. நீர் ஆவியாகி மிச்சத்தில் செறிவு கூடும். ஜக்கில் போடும் சாதாரணக் கரி ஃபில்டரும் சாஃப்ட்னரும் இதற்கு உதவாது. 'குடிக்கப் பாட்டில் தண்ணீர்தானே வாங்குகிறோம்' என்பதும் நம் சமையலறையில் செல்லாது. வடிக்கும் சோறு, அரைக்கும் மாவு, சாம்பார், ரசம், காபி எல்லாம் குழாய் நீரில்தான் நடக்கின்றன. அரிசி வேகும்போது நீரில் உள்ள ஆர்செனிக்கையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. கைக்குழந்தைக்குப் பால்பொடி கரைக்கும் வீடுகள் முடிவு வந்த அன்றே நீரை மாற்ற வேண்டும். நுரையீரல், சிறுநீர்ப்பை, தோல் புற்றுநோய்களோடு நேரடித் தொடர்புள்ள பொருள் இது.

சிங்க்குக்கு அடியில் பொருத்தும் ஆர்ஓ மலிவானது, பலருக்குப் போதுமானது. ஆனால் நீரில் ஆர்செனிக் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஐந்திணைதிற வடிவத்தை ஆர்ஓ நன்றாகத் தடுக்கும். மூவிணைதிற வடிவத்துக்கு மின்னூட்டம் இல்லாததால் கணிசமான பகுதி நழுவிப் போய்விடும். ஆர்ஓ-வுக்கான என்எஸ்எஃப் 58 சான்றும் ஐந்திணைதிற ஆர்செனிக்குக்கு மட்டுமே. ஆகவே எந்த வடிவம் எவ்வளவு என்று பிரித்துச் சோதித்துவிட்டு வாங்குங்கள், தேவையானால் மூவிணைதிறத்தை ஐந்திணைதிறமாக மாற்ற முன்னால் குளோரின் கட்டம் வைக்க வேண்டும்.

நியூ ஜெர்சியில் நாங்கள் முதலிடம் தருவது முழு வீட்டுக்குமான இரும்பு ஆக்சைடு உறிஞ்சு தொட்டிகளுக்கு. குழந்தைகள் பாத்ரூம் குழாயில் வாய் கொப்பளிப்பதையும் தாகத்துக்கு அதிலேயே குடிப்பதையும் யாராலும் தடுக்க முடியாது. வாங்கும்போது இரண்டு தொட்டிகளை வரிசையாக வைத்து, நடுவில் மாதிரி எடுக்கும் குழாய் ஒன்று கேளுங்கள். ஒற்றைத் தொட்டியை விற்கப் பார்க்கும் நிறுவனத்தை அனுப்பிவிடுங்கள், அது நிரம்பிப்போகும் நாள் உங்களுக்குத் தெரியாது. விலை குறைவு என்று அயனிப் பரிமாற்றத் தொட்டி விற்பவர்களும் உண்டு. நீரில் சல்பேட் அதிகம் இருந்து, ஆர்செனிக்கைப் பிடிக்கும் ரெசினும் தீர்ந்துபோனால், பிடித்து வைத்த ஆர்செனிக்கை அது மொத்தமாகத் திருப்பிக் கொட்டும். அப்போது குழாய் நீர் கிணற்று நீரைவிட மோசமாக இருக்கும்.

இரட்டைத் தொட்டி வைத்தபின் ஆண்டுக்கு ஒருமுறை நடுக்குழாயில் மாதிரி எடுத்து அனுப்புங்கள். அதில் ஆர்செனிக் தலைகாட்டத் தொடங்கினால் முதல் தொட்டியைக் கழற்றி, இரண்டாவதை முன்னால் நகர்த்தி, புதியதைப் பின்னால் வைக்க வேண்டும். மாற்றிய தேதியையும் மீட்டர் அளவையும் தொட்டியின் மேலேயே மார்க்கரில் எழுதிவைத்தால், அடுத்த மாற்றம் எப்போது வரும் என்று ஓரளவு முன்பே கணக்குப் போடலாம்.